ரெண்டு பேர் மேசை

"ஏங்க, எனக்கு எடம் பத்தலை."

"ரெண்டு பேருக்குப் போட்ட மேசை. நீ ஒண்ணு, நான் ஒண்ணு. எப்படிப் பத்தாம போகும்?"

"நமக்குப் பத்துது. மூணாவது ஆளுக்குத்தான் முட்டுது."

அவர் குனிந்து பார்த்தார். எட்டு மாத வயிறு மேசை விளிம்பில் இடித்துக்கொண்டிருந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளலாம் என்றால் சுவர். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரித்ததைப் பார்த்து அவளுக்கும் வந்துவிட்டது.

"சரி, எந்திரி. பெரிய மேசைக்குப் போயிடலாம். இந்த ஆளு வெளிய வந்தப்புறம் இங்க வருவோம்."

"வெளிய வந்தா மூணு பேரு. அப்புறம் இந்த மேசை எதுக்கு?"

"அப்ப பெருசாகிப் போனப்புறம் வருவோம். நீயும் நானும் மட்டும். எதிரெதிரா உக்காந்து, யாருக்கும் ஊட்டாம, யாரு வாயையும் தொடைக்காம. சத்தியமா."

இது நடந்து முப்பத்தொரு வருடம் ஆகிறது. அந்த மூணாவது ஆளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். அன்றைக்கு முட்டிய அதே மேசையை அவள் இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம், நடைபாதையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். மேசை மாறவில்லை. மேல்பலகைக்குப் புதிதாகப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நாற்காலிகளும் அதே இரண்டு.

அவர் உள்ளே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் வெளியே நிற்கிறாள். அவர்கள் வீட்டு வழக்கம் அப்படி.

வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு வழக்கம் இருக்குமா என்று அவளுக்குத் தெரியாது. அவர் மின்சார மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவர். இந்த நகரத்தில் அவர் ஏறாத படி கிடையாது. சாப்பாட்டுக் கடைகளுக்கு மற்றவர்கள் முன்வாசல் வழியாகப் போவார்கள். மீட்டர் பின்பக்கம் இருப்பதால் அவர் பின்வாசல் வழியாகப் போவார். "முன்னாடி எல்லாரும் சிரிப்பாங்க. பின்னாடி போய்ப் பாரு, அடுப்படி சொல்லும் கதைய" என்பார். மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவது என்று வைத்திருந்தார்கள். மூன்று பிள்ளைகள், ஒரு சம்பளம், பிறகு அவள் வேலைக்குப் போன பின் ஒன்றரைச் சம்பளம். கையைக் கடிக்கக் கூடாது, குழந்தை தண்ணீரைக் கொட்டினால் முறைக்கக் கூடாது, சாப்பாடும் வாயில் வைக்கிற மாதிரி இருக்க வேண்டும். இப்படி ஓர் இடம் கண்டுபிடிப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடக் கஷ்டம். பெரியவளுக்கு மாப்பிள்ளை மூன்றே மாதத்தில் கிடைத்தான்.

அதனால் ஐந்து பேரும் தடதடவென்று உள்ளே நுழைவதில்லை. அவர் மட்டும் போவார். அவளும் பிள்ளைகளும் நடைபாதையில் நிற்பார்கள். விலைப்பட்டியலில் பழைய விலைமேல் காகிதம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஒட்டியிருந்தால் அடுத்த மாதம் இன்னொன்று ஒட்டுவார்கள் என்று அர்த்தம். கை கழுவும் தொட்டி கடைக்குட்டிக்கு எட்டுமா என்று தன் இடுப்பை வைத்து அளந்து பார்ப்பார். கடைசியாக ஒரு கேள்வி: "ஒரு சூப்ப ரெண்டு கிண்ணத்துல பிரிச்சுத் தருவீங்களா?" பதில் அவருக்கு முக்கியமில்லை. கேட்டதும் சர்வரின் முகம் எப்படிப் போகிறது என்பதுதான் முக்கியம். முகம் சுளிக்காவிட்டால் வாசல் பக்கம் திரும்பி, சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைப்பார். "கொடி ஏறிடுச்சு!" என்று நடுவுலவன் கத்துவான். படை உள்ளே புகும்.

ஒரே ஒரு தடவை கொடி தவறாக ஏறியது. பெரிய கண்ணாடிக் கதவும் மேசைக்கு மேசை பூவுமாக இருந்த ஓர் இடம். பேருந்து வரும்வரை வேடிக்கை பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவருக்கு உள்ளேயிருந்த குளிரில் தும்மல் வந்துவிட்டது. கைக்குட்டையை எடுத்தார். அவர் மூக்கைத் துடைத்து நிமிர்வதற்குள் மூன்று பிள்ளைகளும் பூ வைத்த மேசையில் உட்கார்ந்து, கடைக்குட்டி கழுத்தில் துணியைச் செருகிக்கொண்டுவிட்டாள். எழுப்பினால் மானம் போகும், உட்கார்ந்தால் சம்பளம் போகும். கடைசியில் ஓர் ஐஸ்கிரீம் சொன்னார். "அஞ்சு கரண்டி" என்றார், தலையை நிமிர்த்தி, ஏதோ அதுதான் பெரிய மனிதர்கள் சாப்பிடும் முறை என்பது போல. பிள்ளைகள் அந்தக் கதையை இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள். அவளுக்கு நினைவிருப்பது வேறு. ஐந்து கரண்டி வந்தது. இரண்டு கரண்டி நனையாமலே, வந்தபடியே திரும்பிப் போயிற்று. அவளுடையது ஒன்று. இன்னொன்று யாருடையது என்று நிமிர்ந்து பார்த்தபோது, மேசையின் அந்தக் கோடியிலிருந்து அவரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேசையின் அந்தக் கோடி. எந்தக் கடைக்குப் போனாலும் அவர் ஒரு கோடி, அவள் மறு கோடி. நடுவில் மூன்று தலைகள். கடைக்குட்டி ஓடாமல் இருக்க அவர் வழியை அடைத்து உட்கார வேண்டும். நடுவுலவனுக்கு மீனில் முள் எடுத்துத் தர அவள் இந்தப் பக்கம் வேண்டும். அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் பெரியவள் வழியாகத்தான் போகும். "அப்பாகிட்ட உப்ப வாங்கு." "அம்மாவச் சாப்பிடச் சொல்லு."

வேடிக்கை என்னவென்றால், எதிரெதிரே உட்காருவதுதான் அவள் பிழைப்பே. மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருடம். முழங்கை அகலத்தில் ஒரு சின்ன மேசை. அந்தப் பக்கம் யாரோ ஒருவர், இந்தப் பக்கம் அவள். "என் மூக்கப் பாருங்க. அசையாதீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு கருமணிக்கும் மறு கருமணிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளப்பாள். ஒரு நாளைக்குப் பதினைந்து முகம். எல்லா முகமும் அவள் முகத்துக்கு நேர் எதிரே, மூச்சுப் படும் தூரத்தில். யாருக்கு இடது கண் கொஞ்சம் தாழ்வு, யாருக்குப் புருவத்தில் பழைய தழும்பு என்றெல்லாம் பார்த்தபடியே சொல்வாள். தன் வீட்டுக்காரரின் கண்ணை மட்டும் அவள் அந்த மேசையில் வைத்து அளந்ததில்லை. கடைக்கு வர அவருக்கு நேரமில்லை. அடுப்படி வாசலில் நிற்க வைத்து, ஒரு கையில் கரண்டியோடு அளந்தாள். அறுபத்து நான்கு மில்லிமீட்டர். "சீக்கிரம் அள, பஸ்ஸு போயிடும்" என்றார் அப்போதும்.

இரண்டு வருடத்துக்கு முன் கடைக்குட்டியும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போனாள். வீட்டில் இரண்டு பேர்தான். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். இனி ஒரு நாள் அவராகவே சொல்வார் என்று அவள் காத்திருந்தாள். 'கிளம்பு, அந்த ஜன்னல் மேசைக்குப் போவோம்' என்று. கேட்டு வாங்கினால் அதில் என்ன இருக்கிறது? அவருக்குத் தானாக நினைவு வர வேண்டும். சத்தியம் பண்ணியது அவர்தானே.

வெளியே சாப்பிடப் போனார்கள்தான், மூன்று நான்கு தடவை. முதல் தடவையே அந்தக் கூத்து நடந்தது. அவள் வெளியே நின்றாள். அவர் உள்ளே போய் எல்லாம் பார்த்துவிட்டு, பழக்க தோஷத்தில் "அஞ்சு பேரு" என்று சொல்லிவிட்டார். கொடி ஏறியது. அவள் போனாள். ஆறு நாற்காலி போட்ட மேசை. அவர் போய் வழியை அடைத்தாற்போல் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். அவளும் யோசிக்காமல் இந்தக் கோடியில் உட்கார்ந்துவிட்டாள். சர்வர் ஐந்து தட்டு கொண்டு வந்து வைத்துவிட்டு, "மத்தவங்க வந்துடுவாங்களா?" என்று கேட்டான். அவர் விழித்தார். "வர்றாங்க... வர்றாங்க" என்றார். நடுவில் மூன்று வெறும் தட்டுகளை வைத்துக்கொண்டு இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். உப்பைத் தள்ளிவிட ஆளில்லாமல் அவர் எழுந்து வந்து கொடுத்துவிட்டுப் போனார். எழுந்து வந்தவர் அங்கேயே உட்கார்ந்திருக்கலாம். அவளும் சொல்லியிருக்கலாம். நாக்கு வரை வந்தது. 'நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விழுங்கிவிட்டாள். இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

இந்தச் செவ்வாய்க்கிழமை பெரியவள் போன் பண்ணினாள்.

"அம்மா, ஞாயித்துக்கெழம எல்லாரும் வர்றோம். மொத்தம் பத்து பேரு. வீட்டுல நீ அடுப்புல வேகாத. வெளிய சாப்பிடுவோம். அப்பாகிட்ட சொல்லி நல்ல எடமா பாக்கச் சொல்லு. இதுங்க ரெண்டும் ஓடி ஆடினா மொறைக்காத எடம், வெலயும் கட்டுபடியாகணும். ஆன்லைன்ல நான் பாத்தேன், எல்லாம் போட்டோதான் நல்லா இருக்கு. அப்பா அளவுக்கு வருமா?"

"வராது" என்றாள் அவள்.

"இன்னொண்ணு. தம்பி சொன்னானா? அவன் பொண்டாட்டிக்கு லீவு முடியுது. பாப்பாவ உங்ககிட்டயே விட்டுட்டுப் போறாங்க. ஸ்கூல் போற வரைக்கும் உங்க கூடத்தான். அப்பா சரின்னுட்டாராமே!"

அவர் சரி என்றது அவளுக்கு அப்போதுதான் தெரியும். கோபம் வரவில்லை. எட்டு மாதப் பேத்தி, பல் முளைத்த வாயால் தோளைக் கடிக்கும், நினைத்தாலே உள்ளங்கை குறுகுறுக்கும். ஆனால் போனை வைத்ததும் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஞாயிறிலிருந்து மறுபடியும் மூன்று பேர். மறுபடியும் குழந்தை நாற்காலி, கிண்ணம், வாய் துடைக்கும் துணி. பாப்பா பள்ளிக்கூடம் போகும்போது இவருக்கு வயது என்ன, இவர் முழங்கால் எந்த நிலையில் இருக்கும்? கையில் இரண்டு வருடம் இருந்தது. தானாக நினைவு வரட்டும், தானாக நினைவு வரட்டும் என்று அதை வீம்பிலேயே கரைத்துவிட்டாள். இன்று சனிக்கிழமை. மிச்சம் இருப்பது இந்த ஒரு மத்தியானம்.

மத்தியானம் இரண்டு மணியிலிருந்து கடை பார்க்கிறார்கள். முதல் கடையில் காகிதம் மேல் காகிதமாக மூன்று விலை ஒட்டியிருந்தது. இரண்டாவது கடையில் சூப் கேள்விக்கு, "அதெல்லாம் இங்க பழக்கமில்ல சார்" என்று பதில் வந்ததாம். "மொகத்த அப்படி வெச்சுக்கிட்டா சாப்பிட்டது எப்படி ஜீரணமாகும்?" என்று புலம்பிக்கொண்டே நடந்தார். மூன்றாவதாக இந்தத் தெருவில் திரும்பியபோது அவள் நடையைக் குறைத்தாள். ஓரக்கண்ணால் அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மீட்டர் பெட்டியைப் பார்க்கும் அதே முகம்.

"இங்க அடுப்படி சுத்தம். மேசை எல்லாம் நகத்துற மாதிரி இருக்கும். பத்து பேருக்குச் சேத்துப் போடலாம். நீ நில்லு, வந்துடறேன்" என்று போனவர்தான்.

சாப்பாட்டு நேரம் முடிந்து கடை காலியாகக் கிடந்தது. கண்ணாடிக்குள் எல்லாம் தெரிந்தது, சத்தம் மட்டும் கேட்கவில்லை. அவர் தொட்டி அருகே போய் இடுப்பால் அளந்தார். இந்தத் தடவை யாருக்காக அளக்கிறார், பெரியவளின் சின்னவனுக்கா? பட்டியலைப் புரட்டினார். சிவப்பு மேலங்கி போட்ட பருமனான சர்வர் பெண்மணியிடம் ஏதோ கேட்டார். சூப் கேள்வியாகத்தான் இருக்கும். அந்தப் பெண்மணி சிரித்தாள். தலையைப் பலமாக ஆட்டினாள். கடை தேறிவிட்டது.

இனிக் கொடி ஏறும், உள்ளே போவோம், நாளைக்குப் பத்து பேர் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவோம் என்று அவள் எண்ணிக்கொண்டிருக்கும்போதே, அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பத்து விரலைக் காட்டினார். பிறகு கையை நீட்டி இந்த மேசை, அந்த மேசை என்று காட்டினார். சேர்த்துப் போட்டால் பத்து பேர் அடங்குமா என்று இப்போதே பார்த்துவிட வேண்டுமாம் அவருக்கு. பெண்மணி ஒரு நாலு பேர் மேசையை இழுத்து இன்னொன்றோடு சேர்த்தாள். எட்டு. இன்னும் இரண்டு. அவர் கடை முழுவதும் கண்ணால் துழாவினார். அவர் கை ஜன்னலை நோக்கி நீண்டது.

பெண்மணி ஜன்னலருகே வந்து, பச்சை மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்தாள்.

அவள் கொடிக்காக நிற்கவில்லை. முப்பது வருடத்தில் முதல் தடவையாக, யாரும் கூப்பிடாமல், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் பதறிப்போனார். "என்னாச்சு? கொடியே காட்டலையே நான்! கால் வலிக்குதா? உக்காரு, மொதல்ல உக்காரு" என்று கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்தார். அது நாளைய பத்து பேர் மேசையின் கோடி நாற்காலி.

"அங்க வேணாம்" என்றாள். குரல் தனக்கே புதிதாக இருந்தது. சர்வர் பெண்மணியின் பக்கம் திரும்பினாள். "அத இழுக்காதீங்கம்மா. கொஞ்சம் இருங்க."

"நாளைக்கு எடம் பத்துமான்னு சார்தான் பாக்கச் சொன்னாங்க..."

"நாளைக்குள்ளத நாளைக்குப் பாத்துக்கலாம்."

பெண்மணி மேசையிலிருந்து கையை எடுத்தாள். மேசை சுவரிலிருந்து ஒரு சாண் விலகி நின்றது. அது இருந்த இடத்தில், தரையில் நான்கு கால் தடங்கள் மட்டும் வெயில் படாமல் பழைய நிறத்தில் இருந்தன. அவர் அந்தத் தடங்களைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நாற்காலிக்கும் சுவருக்கும் நடுவே இருந்த அந்தக் குறுகிய இடத்தைப் பார்த்தார். அவர் கை தன்போக்கில் சட்டைப்பைக்குப் போய், பாதி வெளியே வந்த கைக்குட்டையோடு அப்படியே நின்றுவிட்டது.

அவள் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிறு எதிலும் முட்டவில்லை. மேசைக்கு அடியில் காலை நீட்டி, எதிரே இருந்த காலி நாற்காலியை அவர் உட்கார மெல்ல வெளியே தள்ளிவிட்டாள்.

"ஏங்க, இன்னைக்கு நாம ரெண்டு பேரு மட்டும் இங்க சாப்பிடலாமா? நீங்க எனக்கு எதிர்ல உக்காரணும்."