'பார்த்தாச்சு' என்று ஒரு சொல்

இரவு ஒன்றரை மணிக்குச் சின்னவள் அக்காவின் போர்வையை இழுத்தாள்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா. தூக்கத்துலதான் பேசிட்டிருக்கேன். என்னடி?"

"என்னால ஒரு ஆள் செத்துடும் போலிருக்கு."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள்.

அவர்கள் வீட்டின் கீழ்த்தளம்தான் கம்பெனி. மலையில் ஓட்டுகிற சைக்கிள் செய்யும் கம்பெனி என்றால் பெரிதாகத் தோன்றும். மொத்தம் மூன்று பேர். லாரி ஷெட்டில் வேலை பார்த்த அப்பாவும் அவர் தம்பியும் பதினோரு வருஷத்துக்கு முன் பிடிவாதமாகத் தொடங்கியது. சித்தப்பா குழாய்களைப் பற்றவைப்பார், அப்பா சோதிப்பார், சின்னவள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பெயின்ட் அடித்து ஆட்டுத்தலை ஸ்டிக்கர் ஒட்டுவாள். தெருவில் 'ஆட்டு வண்டிக்காரங்க' என்றே பெயர்.

இரண்டாம் வருஷம் ஒரு ஃபிரேம் சரிவில் இரண்டாக முறிந்து, ஓட்டியவருக்குத் தோள்பட்டை போனது. கடைக்காரர்களில் பாதிப் பேர் கைகழுவினார்கள். அன்று அப்பா போட்ட சட்டம்: பற்றவைத்த இடத்தில் சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, விரிசல் இல்லை என்று கண்ணால் கண்ட பிறகுதான் 'பார்த்தாச்சு' என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்கக் கூடாது.

போன மாதம் அப்பா காய்ச்சலில் படுத்தார். சோதனையும் சித்தப்பா தலையில் விழுந்தது.

"மூலையில இருந்த ஃபிரேமக் காட்டி, 'பார்த்தாச்சா சித்தப்பா'ன்னு கேட்டேன். 'பார்த்தாச்சு பார்த்தாச்சு, உயிர வாங்காத'ன்னாரு. நான் பச்சை அடிச்சுட்டேன். அதுவும் வித்துப் போச்சு."

"சரி, அதுக்கென்ன?"

"அவரு பார்த்தது விரிசலத்தான்க்கா. மறுபடி பத்தவைக்கணும்னு ஒதுக்கி வச்சிருந்தாராம். நாலு நாள் கழிச்சு, 'அந்த விரிசல் ஃபிரேம் எங்க, பழைய இரும்புல போட்டுட்டியா'ன்னு கேட்டாரு. நான் 'ம்'னுட்டேன்."

"ஏண்டி?"

"வாய் வரல. அப்புறம் நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு..."

அதை வாங்கியவள் பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் நர்ஸ். நேற்று மத்தியானம்தான் பிரேக் கட்டை மாற்ற வந்தாள். விடிந்ததும் மலையிலிருந்து இறங்கும் போட்டியாம். ராத்திரி மேலேயே தங்கல். வண்டியை நகர்த்திக் கொடுத்ததே சின்னவள்தான். அப்போதும் நாக்கு ஒட்டிக்கொண்டது.

அக்கா அவள் கையைப் பிடித்து அப்பாவிடம் இழுத்துப் போனாள்.

அப்பா முழுக்கக் கேட்டார். "எந்த இடத்துல?"

"தலைக்குழாய்லப்பா. ஹேண்டில் சேர்ற இடம்."

நர்ஸின் எண்ணை அடித்துப் பார்த்தார். மலைமேல் சிக்னல் இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வேன் சாவியை எடுத்தார். ஓர் அறை விட்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது சின்னவளுக்கு. அவளும் வேனில் ஏறிக்கொண்டாள்.

நாலு மணி நேரப் பாதை. பாதித் தூரத்தில் மெல்லக் கேட்டாள். "சித்தப்பாவ ஏதும் சொல்லிடாதீங்கப்பா."

"அவன் ஒரு வார்த்தையக் கவனமில்லாமச் சொன்னான். நீ ஒரு மாசம் பேசாம இருந்த," என்றார் அப்பா.

மலைக்குமேல் வேன் போகும் பாதை கிடையாது. அடிவாரத்தில் வேனை நிறுத்தும்போது நன்றாக விடிந்துவிட்டது. போட்டிப் பாதையை மறித்துக் கயிறு கட்டிய இடத்தில் நின்ற காவலாளி தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எறங்க ஆரம்பிச்சுட்டாங்களா?" என்று கேட்டார் அப்பா.

"அரை மணி நேரமாச்சுங்க. ஆனா நடுவுல நிறுத்தி வச்சிருக்காங்க. மேல யாரோ விழுந்துட்டாங்களாம். ஸ்ட்ரெச்சர் போயிருக்கு."

சின்னவள் காவலாளியிடம் ஏதோ கேட்க வாயைத் திறந்தாள்.

"விழுந்த வண்டி என்ன கலர்னு கேக்காத," என்றார் அப்பா.

கயிற்றுக்கு அடியில் குனிந்து புகுந்து, இறங்கும் பாதையிலேயே மேலே ஏறத் தொடங்கினார். அவளைக் கூப்பிடவில்லை. அவள் கொஞ்சம் தள்ளிப் பின்னால் போனாள்.