எந்த டிஸ்க் நல்லது என்று கேட்டவர்களுக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இது கதையாகப் பிறக்கவில்லை. கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் நண்பர் தன் இணையதளத்துக்கு ஒரு கட்டுரை கேட்டார். வீட்டுக் கேமராக்களின் படத்தைப் பதிவு செய்யும் கம்ப்யூட்டருக்கு எந்த டிஸ்க் வாங்கலாம் என்பது தலைப்பு. எளிமையாக இருக்க வேண்டும், கடைசி வரியில் படிப்பவர் கை தானாக 'வாங்கு' பொத்தானுக்குப் போய்விட வேண்டும் என்றார். நானும் உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"கேமரா கண் என்றால் டிஸ்க்தான் ஞாபகம். கண் இருந்தும் ஞாபகம் இல்லாத வீட்டில்

இங்கேயே நிறுத்திவிட்டேன். கண், ஞாபகம் என்று ஆரம்பித்தால் நான் எங்கே போய் விழுவேன் என்று எனக்கே தெரியும். [அடித்திருக்க வேண்டும். மனசு வரவில்லை, கிடக்கட்டும்.] இரண்டாவது முயற்சி:

"நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருக்கும் வேலைக்கென்று தனியாகச் செய்த டிஸ்க்கைத்தான் வாங்க வேண்டும். சாதாரணக் கம்ப்யூட்டர் டிஸ்க் அவ்வப்போது ஓய்வு கேட்கும். கேமரா ஓய்வு கொடுக்காது."

இது சரி. உபயோகமான தகவல், படிப்பவருக்கும் புரியும். ஆனால் இதை எழுதி முடித்த கையோடு, "அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க, ஆதாரம் எங்க?" என்று கேட்கக்கூடிய ஒரு மனிதர் என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார். கட்டுரை அத்தோடு போயிற்று.

2

அவரை அறிமுகப்படுத்துகிறேன். காப்பீட்டுக் கம்பெனியில் வேலை. வெள்ளத்தில் போயிற்று, தீயில் போயிற்று என்று இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் மனுக்களைச் சரிபார்ப்பவர். சரிபார்ப்பது என்று அவர் சொல்வார். மனு கொடுத்தவர்கள் தட்டிக்கழிப்பது என்பார்கள்.

"எரிஞ்சதுக்கு ஆதாரம்?"

"வீட்டுல இருந்த எல்லாமே எரிஞ்சிடுச்சு சார்."

"அதுக்கு ஆதாரம்?"

இப்படிப்பட்ட ஆசாமி. [பெயர் வைக்கலாமா என்று பார்த்தேன். அந்தப் பெயருள்ள யாராவது சண்டைக்கு வருவார்கள். 'நம் ஆள்' என்றே கூப்பிடுவோம்.]

நம் ஆளின் அப்பாவுக்குப் பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. நம் ஆளும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால், ஏஜென்சி மூலம் ஒரு நர்ஸ் பகல் முழுக்க வந்து பார்த்துக்கொண்டார். வெளியூரில் இருக்கும் தங்கைக்கு மட்டும் மனசு ஆறவில்லை. யாரோ ஒருத்தரை நம்பி அப்பாவை விடுவதா, முதலில் கேமரா வை என்றாள். வைத்தார்கள். அப்பா அறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, வாசலில் ஒன்று. பதிவுக் கம்ப்யூட்டர் டிவிக்குக் கீழே குடியேறியது. அதற்குள் போட வேண்டிய டிஸ்க் மட்டும் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கு ஒரு தனி அத்தியாயம் வேண்டும்.

3

நம் ஆள் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

நூறு பேர் 'பிரமாதம்' என்று எழுதியிருந்த டிஸ்க்கில் ஒரே ஒருவர் 'சீக்கிரமே படுத்துவிட்டது' என்று எழுதியிருந்தால், அந்த ஒருவர்தான் அவருக்கு யோக்கியர். தட்டு சுழலும் டிஸ்க்கா, சுழலாததா? சுழல்வது சத்தம் போடும், சுழலாதது எழுதி எழுதித் தேயும். தடங்களைத் தனித்தனியாக எழுதும் வகையா, ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் வகையா?* ஒரு டிஸ்க் போதுமா, இரண்டு போட்டு இரண்டிலும் ஒரே படத்தை எழுத வைப்பதா? இரண்டும் சேர்ந்தாற்போல் மண்டையைப் போட்டால்? சாப்பிடும்போது யோசித்தார், குளிக்கும்போது யோசித்தார். மாத்திரை டப்பாவோடு நர்ஸ் வந்து நின்றால்கூட, "ஒரு நிமிஷம் சிஸ்டர்" என்று கையைக் காட்டிவிட்டு யோசித்தார்.

"என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி இவ்வளவு விசாரிச்சீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"அப்ப இவ்வளவு விமர்சனம் படிக்கக் கிடைக்கலையே" என்றார்.

என் நண்பர் கடைக்கும் போனார். நண்பர் ரொம்ப நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏதாவது ஒண்ணை மாட்டுங்க சார் முதல்ல" என்றார். நம் ஆள் அதை வியாபாரத் தந்திரம் என்று எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார்.

* தனித்தனியாக எழுதுவதுதான் இந்த வேலைக்கு நல்லது. கட்டுரைக்காக மாய்ந்து மாய்ந்து படித்தது வீணாகக் கூடாது என்பதற்காகச் சொல்லி வைக்கிறேன்.

4

டிஸ்க் இல்லாத பதிவுக் கம்ப்யூட்டர் சும்மா இருக்காது. பீப் பீப் என்று வீட்டையே இரண்டாக்கும். எனக்கு டிஸ்க் இல்லை, எதையும் எழுதி வைக்க முடியவில்லை என்று அதற்குத் தெரிந்த ஒரே பாஷையில் அது சொல்லிக்கொண்டே இருந்தது. நம் ஆள் அமைப்புகளுக்குள் புகுந்து, 'டிஸ்க் இல்லை' என்ற எச்சரிக்கையைத் தேடிப்பிடித்து அணைத்தார். அப்புறம் வீடு நிம்மதியாக இருந்தது.

டிஸ்க் இல்லாவிட்டாலும் நேரடிப் படம் வரும் என்பதுதான் இதில் வசதி. தங்கை அங்கிருந்தே போனில் அப்பாவைப் பார்த்துக்கொள்வாள். டிவியில் படம் ஓடுவதைப் பார்த்த நர்ஸும் எல்லாம் பதிவாகிறது என்றே நினைத்தார்.

"எல்லாம் பதிவாகுதுல்ல அண்ணா?"

"ஈ பறந்தாக்கூடப் பதிவாகுது."

[இவர் இப்படிப் பச்சையாகப் பொய் சொல்வாரா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. அவரிடமே கேட்டுப் பார்த்தேன். எப்படியும் அடுத்த வாரம் டிஸ்க் வந்துவிடும், அப்போது உண்மையாகப் போவதைக் கொஞ்சம் முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான் என்றார். அடுத்த வாரமும் இதையே சொன்னார்.]

நர்ஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதல் வரைவில் அவர் சகிக்க முடியாத அளவுக்கு நல்லவராக வந்துவிட்டார். அதனால் கொஞ்சம் இறக்கினேன். போனில் சத்தமாகப் பேசுவார். அப்பாவுக்கு வாங்கிய பிஸ்கட்டில் பாதி இவர் வாய்க்குள் போகும். டிவித் தொடர் ஓடும்போது கூப்பிட்டால் ஏனென்று கேட்கமாட்டார். ஆனால் கேமரா மாட்டிய அன்று, அது தன்னைக் கண்காணிக்கத்தான் என்று தெரிந்தே, "இருக்கட்டும் சார், எனக்கும் நல்லதுதான்" என்றார். "போன வீட்டுல கேமரா இல்ல. அவங்க சொன்னதுதான் சட்டமா இருந்துச்சு." இந்தப் பேச்சை நான் அவர் வாயில் திணிக்கவில்லை. அதுவாகவே வந்தது.

5

இனிமேல் சிரிப்பு கொஞ்சம் குறையும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அன்று நம் ஆளுக்கு விடுமுறை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நர்ஸ் அப்பாவின் கட்டில் தடுப்பை இறக்கிவிட்டு, "சார், உடம்பு துடைக்கணும். வெந்நீர் வச்சு எடுத்துட்டு வர்றேன். அதுவரைக்கும் கொஞ்சம் பக்கத்துல இருங்க" என்றார்.

"போங்க சிஸ்டர், நான் இருக்கேன்."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நர்ஸ் சமையலறைக்குப் போனார். போன் அடித்தது. வாசலில் கூரியர்காரர். ஆமாம், நம் ஆள் ஒருவழியாக ஒரு டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து வரவழைத்திருந்தார். எழுந்து போனார். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. விடுவாரா? கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். பெட்டியை அப்படித் திருப்பு, இப்படித் திருப்பு என்று எல்லாப் பக்கமும் படம் எடுத்தார். ஆதாரம் வேண்டுமே. கூரியர்காரர் பெட்டியை ஏந்திக்கொண்டு நின்றார்.

உள்ளே அப்பா கட்டிலிலிருந்து விழுந்தார்.

[விழுந்ததை வர்ணித்து ஒரு பத்தி எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அது நன்றாக வந்ததே எனக்கு அருவருப்பாக இருந்ததால் கிழித்துவிட்டேன்.]

6

உயிருக்கு ஒன்றும் இல்லை. நெற்றியில் தையல், மணிக்கட்டில் வீக்கம். ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வந்ததும் தங்கை வீடியோ அழைப்பில் வந்தாள். அப்பா விழுந்த நேரத்தில் அவள் ஆபீஸ் கூட்டத்தில் இருந்தாளாம், நேரடிப் படத்தைப் பார்க்கவில்லை.

"சிஸ்டர், நீங்க எங்க போனீங்க?"

"வெந்நீர் வைக்கப் போனேன் மேடம். சார் பக்கத்துல உக்காந்திருந்தாங்க, அதனாலதான் போனேன்."

"அண்ணா, நீ அங்கயா இருந்தே?"

நம் ஆள் சொன்னார்: "நான் வாசல்ல இருந்தேன்."

கவனியுங்கள், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அப்பா விழுந்தபோது அவர் வாசலில்தான் இருந்தார். இப்படி ஒரு மனு தன் மேஜைக்கு வந்திருந்தால் நிமிஷத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார்.

"வாசல்ல இருந்தவரைப் போய் பக்கத்துல இருந்தார்னு சொல்றீங்களே" என்றாள் தங்கை.

நர்ஸ் திரும்பி நம் ஆளைப் பார்த்தார். நம் ஆள் போனின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அண்ணன் ரூம்ல இருந்தானா? இருந்தான்னா கையை அசைங்க" என்றாள் தங்கை.

அப்பா மகனை ரொம்ப நேரம் பார்த்தார். கையை அசைக்கவில்லை. [பக்கவாதம் வந்த கையா, வராத கையா என்று கேட்பீர்கள். வராத கைதான். பெற்ற பாசம் என்று இதற்குப் பெயர் சொல்கிறார்கள். நர்ஸின் பிழைப்பில் மண் விழப் பார்த்ததும் இதனால்தான்.]

"கேமராவைப் பாருங்க மேடம்" என்றார் நர்ஸ், நிதானமாக. "அதுல எல்லாம் இருக்கும்."

"ஆமா, அதுதான் சரி. அண்ணா, சாயங்காலத்துக்குள்ள அனுப்பு. தப்பு அவங்க மேலன்னா இன்னைக்கே ஏஜென்சிக்குச் சொல்லிடுறேன்."

கவனக்குறைவு என்று ஒரு வீட்டிலிருந்து புகார் போனால் ஏஜென்சி அவரை அடுத்த வீட்டுக்கு அனுப்பாது. அவர் வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான்.

7

இங்கே எனக்கு மூன்று முடிவுகள் கைவசம் இருந்தன.

அ. நம் ஆள் தலையைக் குனிந்து, "டிஸ்க்கே இல்ல. தப்பு என் மேலதான்" என்று ஒப்புக்கொள்கிறார். கடைக்கார நண்பருக்கு இது ரொம்பப் பிடித்தது. "டிஸ்க் இல்லாததால வந்த வினைன்னு போட்டு, கீழேயே பொத்தானை வச்சிடலாம்" என்றார். எழுதிப் பார்த்தேன். "அவர் தலையைக் குனிந்து, தப்பு என்

அதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. இவ்வளவு தூரம் கூடவே வந்திருக்கிறேன், ஆளைத் தெரியாதா எனக்கு?

ஆ. "அந்த நேரம் பாத்து டிஸ்க் பழுதாயிடுச்சு" என்கிறார். நர்ஸ் பையை எடுத்துக்கொண்டு போகிறார். மறுநாள் புது டிஸ்க் மாட்டப்படுகிறது, புது நர்ஸ் வருகிறார், எல்லாம் துல்லியமாகப் பதிவாகிறது. ஊரில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. அதனாலேயே இதை எழுதக் கை கூசியது.

இ. "பாத்துட்டேன், சிஸ்டர் மேல தப்பு இல்ல" என்கிறார். இல்லாத படத்தைப் பார்த்ததாகச் சொல்லி ஒருத்தரைக் காப்பாற்றுவது. கோழைத்தனமும் நல்லதனமும் பாதிப் பாதி, எனக்குத் தோதான முடிவு. பத்து வரி எழுதிவிட்டேன். பதினோராவது வரியில் தங்கை, "சரி, அப்ப அனுப்பு" என்றாள்.

8

அதனால் நான் விட்ட இடத்திலேயே அவர்கள் இருக்கிறார்கள். மத்தியானம் போய்க்கொண்டிருக்கிறது. நம் ஆள் டிவி முன்னால் உட்கார்ந்து, பதிவுகளைத் தேடும் திரையைத் திறந்து வைத்திருக்கிறார். அதில் ஒரு நாள்காட்டி தெரியும். பதிவு இருக்கும் நாட்களுக்கு நிறம் இருக்கும். இதில் எந்த நாளுக்கும் நிறம் இல்லை. ஆனாலும் ரிமோட்டை அமுக்கிக்கொண்டே இருக்கிறார். நர்ஸ் ஒரு முக்காலியை எடுத்து வந்து பின்னால் உட்காருகிறார்.

"கிடைச்சுதா சார்?"

"லோடு ஆகுது சிஸ்டர்."

"இன்னும் கொஞ்சம் முன்னாடி போங்க. நான் தடுப்பை இறக்கினேன், நீங்க நாற்காலியை இழுத்துப் போட்டீங்க, அங்கேருந்து பாருங்க."

நம் ஆள் அமுக்குகிறார். தன்னையே காட்டிக்கொடுக்கும் படத்தை, இல்லை என்று தெரிந்துகொண்டே, வியர்க்க வியர்க்கத் தேடுகிறார்.

"பதட்டத்துல நீங்க மறந்திருப்பீங்க சார்" என்கிறார் நர்ஸ். "பாத்தீங்கன்னா ஞாபகம் வந்துடும். நான் வேணும்னா மேடம்கிட்ட அப்படியே சொல்றேன், சார் மறந்துட்டாங்கன்னு."

இந்த வார்த்தைகளைக் கேட்டதும் எனக்குத் தாங்கவில்லை. பேனாவை மூடிவிட்டேன். கோழை என்றால் கோழைதான். இதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள். நான் இந்தக் கதையை எழுதுகிறவன், என் பேச்சுக்கு அந்த வீட்டில் மதிப்பில்லை. கற்பனை என்று சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் அப்படி இல்லை. அவர் நாற்காலியில் உட்கார்ந்ததையும், போன் வந்ததும் எழுந்ததையும், வாசலில் பெட்டியைப் படம் எடுத்ததையும் பார்த்தீர்கள். உங்களுக்கு அந்த வீட்டில் யாரிடமும் எதுவும் ஆக வேண்டியதில்லை.

போன் அடிக்கிறது. தங்கைதான். நம் ஆள் காது கேட்காதவர் மாதிரி ரிமோட்டை அமுக்கிக்கொண்டிருக்கிறார். நர்ஸ் எழுந்து போனை எடுக்கிறார். தான் பேசினால் எடுபடாது என்று அவருக்குத் தெரியும். சுற்றுமுற்றும் பார்க்கிறார். படிக்கும் பக்கத்துக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் உங்களைப் பார்த்துவிட்டு, வந்து போனை உங்கள் கையில் கொடுக்கிறார்.

"ஹலோ" என்கிறாள் தங்கை. "யாரு பேசறது?"