ஜன்னலோரக் கட்டில்

இரண்டு அறை, ஆறு கட்டில், ஒரே ஒரு குளியலறை. காலையில் அந்தக் குளியலறைக்கு நடக்கிற அடிதடியைப் பார்த்தால் உள்ளே தங்கம் கொட்டிக்கிடக்கிறது என்று தோன்றும். பல நாடுகளிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். ஆளுக்கொரு கட்டிலை வாடகைக்கு எடுத்திருந்தார்களே தவிர, அறையை யாரும் எடுக்கவில்லை. அறை எடுக்கிற அளவுக்குச் சம்பளம் வந்தால் பல் தேய்க்க ஏன் வரிசையில் நிற்கப்போகிறார்கள்?

வீட்டு ஒப்பந்தம் பொடிசின் அக்கா பெயரில் இருந்தது. அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை, பெரியம்மா மகள். ஆனால் கூடப் பிறந்தவளைவிட ஒரு படி மேல் என்று பொடிசு எல்லோரிடமும் சொல்லித் திரிந்தாள். பொடிசு என்று பெயர் வைத்ததும் அந்த அக்காதான். வளர்ந்து அக்காவைவிட ஒரு தலை உயரம் கூடிய பிறகும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அக்கா ஓர் ஓட்டலில், அறை சுத்தம் செய்கிறவர்களுக்கு மேற்பார்வையாளர். அந்த ஊர் மொழியை அந்த ஊர்க்காரர்களே வாயைப் பிளக்கிற மாதிரிப் பேசுவாள். வீட்டுக்காரர் யார், எப்படி இருப்பார், வாடகை எவ்வளவு, எதுவும் மற்றவர்களுக்குத் தெரியாது. எல்லாம் அக்காதான்.

பொடிசுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமின் அளவுக்கு லென்ஸைத் தேய்த்து, ஓரத்தை மழித்து, மாட்டிக் கொடுக்க வேண்டும். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. சம்பளம் வந்ததும் வாடகை ஒரு வாய் கடிக்கும், பஸ் ஒரு வாய் கடிக்கும், மிச்சத்தை ஊருக்கு அனுப்பிவிட்டுப் பார்த்தால் கையில் காற்றுதான். இருட்டிய பிறகு பெரிய கடையில் மீந்த சாப்பாட்டுப் பொட்டலங்களுக்கு விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். ஒட்டுகிறவன் பின்னாலேயே அவளைப் போன்றவர்கள் ஒரு கூட்டம், எதையோ தேடுகிற பாவனையில் அலையும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். பார்த்தால்தானே வெட்கம்.

இத்தனை இழுபறியிலும் அவள் மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாடகை கொடுத்தாள். ஜன்னலோரக் கட்டில் என்பதால். "காத்து வரும், வெளிச்சம் வரும், என் தங்கச்சிக்குன்னு எடுத்து வச்சேன்" என்று அக்கா சொன்னபோது பொடிசுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அந்த நகரத்தில் அவளுடையது என்று சொல்லிக்கொள்ள இருந்தது அந்த ஒரு கட்டில்தான். சுவரில் அம்மா, தம்பி போட்டோவை ஒட்டியிருந்தாள். தலையணைக்கு ஊரிலிருந்து கொண்டுவந்த பூப்போட்ட உறை. வேலை முடிந்து வந்து அதில் விழும்போது, இது என் இடம் என்று மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்வாள். அதைச் சொல்லாமல் தூக்கம் வராது.

ஒரே ஒரு நிபந்தனை இருந்தது. "ஒப்பந்தத்துல அஞ்சு பேர்தான்டி. ஆறாவதா உன்ன நான் ஒளிச்சுதான் வச்சிருக்கேன். வெளிச்சம் இருக்கிறப்ப வீட்டுப் பக்கம் வந்துடாத. கீழ இருக்கிற செக்யூரிட்டி பார்த்தான்னா வீட்டுக்காரருக்குச் சொல்லிடுவான், உன்னோட சேத்து நானும் தெருவுலதான்."

வேலை நாளில் இதனால் தொந்தரவில்லை. விடுமுறை நாளில்தான் உயிர் போகும். காலையில் எல்லோரோடும் கிளம்பி, இருட்டும் வரை எங்கேயாவது காலம் தள்ள வேண்டும். காசு செலவழிக்காமல் உட்கார முடிகிற இடங்கள் ஒரு நகரத்தில் எத்தனை குறைவு என்று அவளுக்குத் தெரிந்த அளவுக்கு அந்த ஊர் மேயருக்குத் தெரிந்திருக்காது. நூலகத்தில் கண் அசந்தால் வந்து தட்டுவார்கள். சோபாக் கடையில் சோபா வாங்குகிற முகத்தோடு உட்காரலாம், ஆனால் விற்பனைப் பெண் மூன்றாம் முறை வந்து நிறம் பிடித்திருக்கிறதா என்று கேட்டால் எழுந்துவிட வேண்டும். மாதவிலக்கு வலியில் ஒரு நாள் முழுக்க வணிக வளாகத்தின் கழிவறையில், மூடி போட்ட இருக்கையில் சுவரில் சாய்ந்தபடி கிடந்தாள். வீட்டுக்குப் போக அரை மணி நேரம்கூட ஆகாது. போகவில்லை. தன்னால் அக்காவுக்கு ஒரு கெட்ட பெயர் வரக்கூடாது.

அக்காவுக்காக அவள் இதற்கு மேலும் செய்வாள். ஏனென்றால் அக்கா அப்படிச் செய்தாள். காய்ச்சலோடு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒரு ராத்திரி தலையணைக்குப் பக்கத்தில் மாத்திரையும், துண்டு சுற்றிய சுடுநீர்க் குடுவையும் இருந்தன. கிழிந்த தலையணை உறை வேறொரு நாள் பச்சை நூலில் தைக்கப்பட்டிருந்தது. நன்றி சொன்னால் அக்கா, "சரி சரி, போய்த் தூங்கு" என்று கையை வீசிவிடுவாள். செய்ததைச் சொல்லிக்காட்டாத குணம் என்று பொடிசு உருகினாள். உருகியதோடு நிற்காமல் அக்காவின் சீருடையைத் துவைத்து இஸ்திரி போட்டாள், அக்காவுக்கு வரும் சமையல் முறையையும் தானே எடுத்துக்கொண்டாள். இதற்கெல்லாம் முன்னால், வந்த புதிதில், ஆரஞ்சு மலிவாகக் கிடைத்த ஒரு நாள் ஒரு பை வாங்கி, ஃபிரிட்ஜில் வைத்தால் கண்டவளும் தின்றுவிடுவாள் என்று அக்காவுக்காகத் தன் கட்டில்மேலேயே வைத்துவிட்டுப் போனாள். ராத்திரி வந்து பார்த்தால் பை இல்லை. அக்கா எடுத்துக்கொண்டாள் என்று அவளுக்குப் பரம திருப்தி. தலையணையில் அவ்வப்போது ரொட்டி வாசனை வரும். அக்கா மத்தியானம் வந்து தன் கட்டிலில் உட்கார்ந்து பன் சாப்பிடுகிறாள் போல என்று நினைத்துச் சிரித்துக்கொள்வாள். ஏமாறுகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு நல்ல காரணம் கைவசம் இருக்கும்.

ஒருநாள் காலை கடையில் லென்ஸ் தேய்க்கும்போது ஒரு துணுக்கு தெறித்துக் கண்ணில் விழுந்தது. மருத்துவமனையில் எடுத்துவிட்டார்கள். கண்ணை மூடிக் கட்டுப் போட்டு, இருட்டில் படுத்திருக்கச் சொன்னார்கள். கடைக்காரர் வீட்டுக்குப் போ என்றார். ஒற்றைக் கண்ணோடு எந்த சோபாக் கடைக்குப் போவது? பயந்து பயந்து வீட்டுக்கு வந்தாள். தலையில் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு செக்யூரிட்டியைத் தாண்டினாள். அவன் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அறையில் திரை மூடியிருந்தது. அவள் கட்டிலில், அவள் போர்வைக்குள், யாரோ படுத்திருந்தார்கள்.

முதலில் திருடி என்றுதான் நினைத்தாள். ஆனால் திருட வந்தவள் எடுத்துக்கொண்டு ஓடுவாள், பூப்போட்ட தலையணையில் முகம் புதைத்துக் குறட்டை விட மாட்டாள். கால்மாட்டில் மாவு படிந்த வெள்ளைத் தொப்பி தொங்கியது. ரொட்டி வாசனை அறை முழுக்க இருந்தது.

அந்தப் பெண் கண் விழித்தாள். வேறு நாட்டுக்காரி, இவள் வயதுதான். ரொட்டித் தொழிற்சாலையில் ராத்திரி வேலை. அவள் பதறவில்லை. கட்டுப் போட்ட கண்ணைப் பார்த்ததும் எழுந்து, போர்வையை உதறி, தலையணையைத் தட்டிப் போட்டு, படு படு என்று இவளைக் கைப்பிடித்து உட்காரவைத்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஊர் மொழி, அதுவும் அரைகுறை.

"நீ யாரு? என் கட்டில்ல என்ன பண்றே?"

"பகல் நான். ராத்திரி நீ. உங்க அக்கா சொன்னாங்களே." அவள் குழம்பினாள். "உனக்குத் தெரியும்னு சொன்னாங்க. உனக்கு என்னைப் பார்க்கப் பிடிக்காது, அதனால நீ வர்றதுக்கு முன்னாடி போயிடணும்னு சொன்னாங்க."

"எவ்வளவு நாளா?"

"நீ வந்ததிலேர்ந்து. வீட்ல எல்லாருக்கும் தெரியும்."

எல்லாருக்கும். குளியலறைக்குச் சண்டை போடுகிறவர்கள், உப்புக் கேட்டு வாங்குகிறவர்கள், அத்தனை பேருக்கும்.

"என்னைப் பிடிக்காதுன்னுதான் நானும் நெனச்சேன்" என்றாள் அந்தப் பெண். "அப்புறம் நீ ஆரஞ்சு வச்சே. ஒரு பை நிறைய. இந்த ஊர்ல எனக்கு யாரும் எதுவும் குடுத்ததில்ல. அதான் உனக்கு ஜுரம்னு வீட்ல சொன்னப்ப மாத்திரை வச்சேன். உறை தச்சேன். பச்சை நூல்தான் இருந்துச்சு, மன்னிச்சுக்கோ."

கண்ணில் மருந்து ஊற்றியபோதுகூட இத்தனை எரியவில்லை. கட்டில் போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அந்த மாத்திரை போனதைத் தாங்க முடியவில்லை. யாரோ ஒருத்தி செய்ததற்கு அக்காவின் சீருடையைத் தேய்த்துத் தேய்த்துப் போட்டிருக்கிறாள். அவள் விக்கி விக்கி அழுதாள். கட்டு நனையும் என்று அந்தப் பெண் பயந்து, துண்டை எடுத்து மற்றக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அக்கா சாயங்காலம் வந்தாள். அந்தப் பெண் அதற்குள் வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தாள். கட்டைப் பார்த்து "அய்யோ, கண்ணுக்கு என்னடி ஆச்சு?" என்று ஓடி வந்தவள், பொடிசின் முகத்தைப் பார்த்ததும் நின்றாள். கையும் களவுமாகப் பிடிபட்டவளின் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கக் காத்திருந்த பொடிசுக்கு அங்கேயும் ஏமாற்றம்தான். அக்கா கைப்பையை மாட்டிவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"பாத்துட்டியா. சரி. பகல்ல சும்மா கெடக்கிற கட்டில்தானேடி, உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"சும்மா கெடந்தாலும் அது என் கட்டில்க்கா. அதுக்கு நான் முழு வாடகை குடுக்கிறேன். லீவு நாள்ல நாய் மாதிரி தெருத்தெருவா சுத்தினேன். கக்கூஸ்ல போய் உக்காந்திருந்தேன். உனக்கு ஆபத்து வந்துடும்னு."

"யார் உன்ன கக்கூஸ்ல உக்காரச் சொன்னா?"

"மாத்திரை வச்சது நீன்னு நெனச்சு உனக்கு எத்தன தடவ நன்றி சொன்னேன்!"

"நான்தான் வச்சேன்னு நான் சொன்னேனா?"

"இல்லைன்னும் சொல்லலையே."

மாட்டிக்கொண்டவர்களுக்குக் கோபம் வரும், அக்காவுக்கும் வந்தது. "உன்ன இங்க கொண்டுவர ஏஜெண்டுக்கு அழுதது யாரு? டிக்கெட் வானத்துலேர்ந்து விழுந்துச்சா?"

"சம்பளத்துல கழிச்சுக்கோன்னு சொன்னேனே! நீதான் தங்கச்சிகிட்ட கணக்குப் பாப்பாங்களான்னு கேட்டே." பொடிசு போனை எடுத்தாள். "இரு, அம்மாகிட்ட சொல்றேன். உன்னத் தலைமேல தூக்கி வச்சு ஆடுறாங்கல்ல, கேக்கட்டும்."

அக்கா தடுப்பாள் என்று எதிர்பார்த்தாள். "சொல்லு, சித்திகிட்டயே கேளு" என்று அக்கா தலைமுடியை அவிழ்த்து வாரத் தொடங்கினாள்.

அம்மா எடுத்ததும் பொடிசு மூச்சு விடாமல் கொட்டினாள். கண்ணில் விழுந்த துணுக்கு, கட்டில், ரொட்டிக்காரி, பொய், எல்லாம். அம்மா இப்போது அக்காவைக் கிழித்துத் தோரணம் கட்டுவாள் என்று போனை ஸ்பீக்கரில் வேறு போட்டாள். அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"அக்கா பக்கத்துல இருக்காளா?"

"இருக்கா. இருக்கட்டும், நல்லா கேளு."

"அவகூடச் சண்டை போடாதடா கண்ணு. அந்தப் பொண்ணு குடுக்கிற காசுதான் ஏஜெண்டு கடனுக்குப் போகுது. அடைஞ்சதும் நிறுத்திடுவா."

பொடிசுக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதில் வைத்துக்கொண்டாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"உன் நல்லதுக்குத்தான்டா."

"எப்பலேர்ந்து?"

"நீ கிளம்புறதுக்கு முன்னாடியே பேசிக்கிட்டதுதான். பாதிக் கட்டில்தான்னு சொல்லியிருந்தா நீ பிளேன் ஏறியிருப்பியா?"

விமான நிலையத்தில் அம்மா கட்டிப்பிடித்து, அக்கா இருக்கா, உனக்கு அங்க ஒரு குறையும் வராது என்று அழுதது ஞாபகம் வந்தது. அப்போதே தெரிந்துதான் அழுதிருக்கிறாள். அக்காவைப் பற்றி அம்மாவிடம் சொல்லலாம், அம்மாவைப் பற்றி யாரிடம் சொல்வது? போனுக்குள் அம்மா, கண்ணு வலிக்குதா, சாப்பிட்டியா, சாப்பிட்டியாம்மா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.