ஐம்பத்து மூன்றாம் வாரம்

ஹில்லெவிக்கு எதுவும் ஞாபகத்தில் நிற்காது. இதை அவளே முதலில் சொல்லிவிடுவாள். மற்றவர்கள் வாயிலிருந்து கேட்டு நெளிந்த காலமெல்லாம் போதும் என்றாகிவிட்டது அவளுக்கு. வீட்டுச் சாவியை ஃப்ரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அரை நாள் தேடியவள். தன் பிறந்தநாளுக்குத் தானே எல்லோரையும் விருந்துக்கு அழைத்துவிட்டு, அன்றைக்கே பூஞ்சை வாசனை அடிக்கும் நூலகக் கிடங்கில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவள். அப்படிப்பட்ட மண்டை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்? எழுதினாள்.

சமையலறைச் சுவர் முழுக்க ஒரு பழுப்புக் காகிதம். அதில் வருடம் மொத்தமும் கட்டம் கட்டமாக, ஒரு வாரத்துக்கு ஒரு வரிசை. காலை ஐந்தரைக்குக் காபி, பிறகு நோட்டு, பிறகுதான் வாய் திறப்பது. பேனா தொலையும் என்பதால் நோட்டோடு நூல் கட்டிப் போட்டிருந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைப்பவள் அவள். அங்கேயும் அந்த நூல் கட்டிய பேனாவைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். மூன்று வருடத்தில் ஒரு நாள்கூடச் சோறு தாமதமானதில்லை.

சுவரில் பச்சை அடித்தவை மகள் டூவா அவளோடு இருக்கும் வாரங்கள். டூவாவுக்கு ஒன்பது வயது. ஹில்லெவியும் டோர்க்கெலும் பிரிந்தபோது எழுதிக்கொண்ட ஒப்பந்தம் இரண்டு வரிதான்: பிள்ளை ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஒவ்வொருவரிடம். இரட்டைப்படை வாரம் அம்மாவுக்கு, ஒற்றைப்படை அப்பாவுக்கு. வருடத்தின் வாரங்களுக்கு எண் போட்டுப் பேசும் ஸ்வீடனில் இதற்கு மேல் விளக்கம் யாருக்கும் தேவையில்லை. பல் டாக்டர் பதினேழாம் வாரம் வரச் சொல்வார், அண்டை வீட்டுக்காரர் முப்பதாம் வாரம் படகு ஓட்டப் போவார். தேதியைக் கேட்டால்தான் விரல் விட்டு எண்ணுவார்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்தது, ஐம்பத்து மூன்றாம் வாரமும் முடிந்தது. புது வருடத்தின் முதல் திங்கட்கிழமை காலை, உதைத்து ஓட்டும் பனிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஹில்லெவி டோர்க்கெல் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

அவன் கதவைப் பாதிதான் திறந்தான். காகித ஆலையில் சரக்கு லாரிகளுக்கு நேரம் குறிக்கும் வேலை அவனுக்கு. அதனால் உலகத்துக்கே நேரம் குறிப்பவன் போலத்தான் பேசுவான்.

"என்ன இந்தப் பக்கம்?"

"டூவாவைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

"இன்னிக்கா? இது ஒண்ணாம் வாரம் ஹில்லெவி. ஒண்ணு ஒத்தப்படை. ஒத்தப்படை யாரோடது?"

"உன்னோடது. ஆனா போன வாரமும் உன்கிட்டதானே இருந்தா?"

"போன வாரம் அம்பத்திமூணு. அதுவும் ஒத்தப்படை. உனக்காக எண்ணு மாறுமா?" போனைத் தூக்கி அவள் மூக்குக்கு நேராகக் காட்டினான். "பாரு, இங்க இருக்கு. உன்னோட ஒட்டுத்தாள் ராஜ்ஜியத்துல வேற கணக்கோ என்னவோ."

அவனுக்குப் பின்னால் கம்பளிக் காலுறையோடு டூவா வந்து நின்றாள். "அம்மா, இந்த வாரம் நம்ம சுவத்துல பச்சைதானே?"

"நீ உள்ள போ," என்றான் டோர்க்கெல். ஹில்லெவியிடம் குரலைத் தாழ்த்தினான். "வாரத்தைக்கூட ஒழுங்கா எண்ணத் தெரியல. வியாழக்கிழமை குடும்பப் பிரிவுல இதையும் சொல்லத்தான் போறேன்."

நகராட்சியின் குடும்பப் பிரிவில் வியாழக்கிழமைச் சந்திப்பை ஏற்பாடு செய்ததே அவன்தான். டூவா இனி நிரந்தரமாகத் தன் வீட்டில் இருக்க வேண்டும், அம்மாவுக்கு மாதத்தில் இரண்டு சனி ஞாயிறு போதும் என்று நகராட்சிக்கு எழுதிக் கொடுத்திருந்தான். அம்மா நம்பகமானவள் இல்லை என்பது காரணம்.

திரும்பி நடக்கும்போது ஹில்லெவிக்குக் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நாற்பது வருடமாக, யாராவது உறுதியான குரலில் பேசினால் தப்பு தன்னுடையதுதான் என்று நம்பிப் பழகியவள். இந்தத் தடவையும் அப்படித்தானோ? ஒன்று ஒற்றைப்படைதானே?

வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்தாள். ஒன்றாம் வாரம் பச்சை. அவள் கையால் அடித்த பச்சை. ஏன் அடித்தாள்? அது மண்டையில் இல்லை. சுவரிலும் இல்லை.

அலமாரியில் நோட்டுகள் வரிசையாக நின்றன, முதுகில் வார எண்களோடு. அழுதுகொண்டே தேட வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொரு ஆகஸ்டிலும் அளவுகோல் வைத்து வருடத்தின் மீதிக் கட்டங்களையும் அடுத்த வருடத் தொடக்கத்தையும் போடுவாள். அப்போது போட்டதாகத்தான் இருக்கும் என்று '30 முதல் 40' என்ற நோட்டை உருவினாள். முப்பத்து ஆறாம் வாரத்துப் பக்கம் திறந்ததும் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து, இன்னொரு காபி போட்டுக் குடித்தாள்.

புதன்கிழமை மாலை, மறுநாள் சூப்புக்கு மஞ்சள் பட்டாணியை ஊற வைத்தாள். அந்த நாட்டில் வியாழன் என்றால் பட்டாணி சூப், கூடவே ஜாம் தடவிய பான்கேக். சுவரில் அந்த வியாழன் கட்டத்தில் 'இரண்டு பேருக்கு' என்று எழுதியிருந்தது. அதை அவள் அடித்து மாற்றவில்லை. இரண்டு பேருக்கே அளந்து போட்டாள்.

குடும்பப் பிரிவு அதிகாரி குன்னெல், தானே பின்னிய கம்பளிச் சட்டை போட்ட வயதான அம்மாள். மூன்று பேருக்கும் காபி ஊற்றிவிட்டு உட்கார்ந்தாள். டோர்க்கெல் உடனே ஆரம்பித்தான்.

"நான் குறை சொல்ல வரல. ஆனா மூணு வருஷம் முன்னாடி இவ புள்ளைய பள்ளிக்கூடத்துல மறந்துட்டா. பனியில ரெண்டு மணி நேரம். அதை இவளே மறந்திருப்பா."

"மறக்கல," என்றாள் ஹில்லெவி. "படிக்கறேன், கேளுங்க."

முதல் நோட்டின் முதல் பக்கத்தைத் திறந்தாள். "நாப்பத்தெட்டாம் வாரம், செவ்வாய். டூவாவை மறந்துட்டேன். ரெண்டு மணி பத்து நிமிஷம். வாசல் படிக்கட்டுல உக்காந்திருந்தா. இடது கையில கையுறை இல்ல. அழல. 'எனக்குத் தெரியும் நீ வருவேன்னு'ன்னு சொன்னா. இனிமே எல்லாத்தையும் எழுதணும்."

ஹில்லெவியின் கழுத்தெல்லாம் சிவந்திருந்தது. "இந்தப் பக்கத்தைத் தினமும் காலைல படிக்கறேன். நீ வந்து எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியதில்ல டோர்க்கெல்."

டோர்க்கெல் தொண்டையைச் செருமினான். "சரி, அது பழசு. இந்த வாரம்? தப்பான வாரத்துல வந்து வாசல்ல நிக்கறா!"

குன்னெல் சுவர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணாம் வாரம்... ஒத்தப்படைதான்ம்மா," என்றாள் தயங்கி.

"ஒத்தப்படைதான். போன வாரமும் ஒத்தப்படைதான். அஞ்சாறு வருஷத்துக்கு ஒரு தடவை அம்பத்திமூணு வாரம் வரும். ஆகஸ்டுல கோடு போடும்போது ஒரு வரிசை மிஞ்சுச்சு. ஒப்பந்தத்துல ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்னுதான் முதல் வரி. அதனால இதை எழுதினேன்."

'30 முதல் 40' என்ற இரண்டாவது நோட்டை மேசையில் திருப்பி வைத்தாள். அது டூவாவின் பையில் இரண்டு வீட்டுக்கும் போய் வந்த நோட்டு. மருந்து, தளர்ந்த பல், உடற்பயிற்சிக் காலணி எல்லாம் அதில் இருக்கும். திங்கட்கிழமைதோறும் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பிடிவாதமாக வைத்திருந்தாள். டோர்க்கெல் கிண்டல் செய்துகொண்டே போடுவான்.

குன்னெல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தாள். "'இந்த வருடம் 53 வாரங்கள். 53 உனக்கு. அடுத்த ஒன்றாம் வாரம் எனக்கு. அதிலிருந்து ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை உனக்கு. சம்மதம் என்றால் கையெழுத்து.' கீழ ஒரு 'டோ' இருக்கு. இது உங்களோடதா?"

டோர்க்கெல் எட்டிப் பார்த்தான். "அது... நான் படிக்காம போட்டது. இவ வாரா வாரம் ரெண்டு பக்கம் எழுதுவா, யார் படிக்கறது?"

"பிள்ளைக்கு எத்தனை மணிக்கு மருந்துன்னு அதுலதான் எழுதியிருந்தேன்," என்றாள் ஹில்லெவி.

குன்னெல் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "உங்க கோரிக்கை இன்னும் அப்படியே இருக்கா டோர்க்கெல்?"

அவன் போனை மேசைமேல் கவிழ்த்தான். "வேண்டாம். வாபஸ் வாங்கிக்கறேன்."

"நல்லது," என்றாள் குன்னெல், பெரிய பாரம் இறங்கியவளாக. "இனிமே இந்தக் குழப்பம் வேண்டாம். ரெண்டு பேரும் போன்ல ஒரே நாட்காட்டி வெச்சுக்கோங்களேன். இந்த நோட்டெல்லாம் எதுக்கும்மா சுமக்கறீங்க?"

"முடியாது." ஹில்லெவி குரலை உயர்த்தவில்லை. "போன்ல இருந்த கணக்குதான் என்னோட ஒரு வாரத்தை முழுங்கப் பாத்துச்சு. என்னை ஓட்டை மண்டைன்னு சொல்லுங்க, ஒத்துக்கறேன். ஆனா எழுதாதேன்னு மட்டும் சொல்லாதீங்க."

தன் பையிலிருந்து இந்த வருடத்து நோட்டை எடுத்து, புதுப் பக்கத்தைத் திருப்பி டோர்க்கெல் பக்கம் தள்ளினாள். அவன் சட்டைப் பையைத் தடவினான். பேனா இல்லை. நூல் கட்டிய பேனாவை எடுத்து நீட்டினாள். நூல் குட்டை, அதனால் அவன் குனிந்துதான் எழுத வேண்டியிருந்தது.

"ஒண்ணாம் வாரம், வியாழன். டூவா இன்னிக்கு அம்மா வீட்டுக்குப் போறா. நான் கொடுத்த மனுவை வாபஸ் வாங்கறேன்," என்று அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். எழுதி முடித்ததும் கை பழக்கத்தில் கையெழுத்துக்குப் போனது.

ஹில்லெவி பக்கத்தின்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"இந்தத் தடவை படிச்சிட்டுப் போடு."