சுத்தம் செய்த குரல்

ஒலியியல் துறையில் பேசக் கூடாது, ஒலி எழுப்பலாம். பேராசிரியரின் கட்டளை அது. அவர் தும்மினால்கூட மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள், அத்தனை கனம்.

முதுகலை மாணவி ஒருத்தி, ஆய்வுக்குக் குரல் கொடுக்க ஆள் கிடைக்காமல் தன் அப்பாவையே கூட்டிவந்தாள். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வாயை மூடத் தெரியாத மனிதர். சுவரெல்லாம் பஞ்சு ஒட்டிய பதிவு அறையில் உட்காரவைத்து அட்டைகளை நீட்டினாள். எந்தச் சொல்லானாலும் ஒரே வாக்கியத்துக்குள் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

"நான் தலை என்று சொன்னேன். நான் வரம் என்று சொன்னேன். யாரும்மா என்னைக் கேட்டா? கோர்ட்டா இது?"

"அப்பா, படிங்க."

"நான் மலை என்று சொன்னேன். உங்கம்மா இல்லைன்னு சொல்லுவா. அதையும் பதிவு பண்ணிக்கோ."

பிறகு வழக்கப்படி சுத்தம் செய்தாள். துறையில் அதற்கு அப்படித்தான் பெயர். இருமல், சிரிப்பு, கேலி எல்லாம் அழுக்கு. வெட்டி எறிய வேண்டும். மூலப் பதிவையும் அழித்தாள். "அப்பழுக்கில்லாத தரவு," என்று பேராசிரியர் மெச்சினார்.

மழைக்காலம் முடிவதற்குள் அப்பா போய்விட்டார். கேமராவைக் கண்டால் ஒளிகிறவர். வீட்டில் ஒரு வீடியோகூட இல்லை.

"உன் கம்ப்யூட்டர்ல அவர் குரல் இருக்குல்ல? போடேன்," என்றாள் அம்மா.

போட்டாள். தலை என்று சொன்னார், வரம் என்று சொன்னார். அம்மா பொறுமையாகக் கேட்டாள்.

"யார்கிட்ட இப்படி ஒப்பிக்கிறார்? என்னைக் கூப்பிட்டது ஒண்ணும் இல்லையா?"

அம்மாவை அவர் 'தலைவரே' என்றுதான் கூப்பிடுவார். பதிவறையிலும் இரண்டு மூன்று தடவை சொன்னார். அழுக்கோடு அழுக்காக அதுவும் போயிற்று.

"தேடிப் பார்க்கறேம்மா."

மறுநாள் ஆய்வகத்தில் 'தலை'யை எடுத்தாள். 'வரம்' என்பதில் முன்பாதியை மட்டும் நறுக்கி எடுத்தாள். 'சொன்னேன்' என்பதிலிருந்து ஏகாரத்தை உருவிக் கடைசியில் ஒட்டினாள். ஒட்டுத் தெரியாமல் இழைத்து, குரலைச் சற்று உயர்த்திச் சொடுக்கினாள்.

"தலைவரே!"

அப்பா ஆயிரம் தடவை சொன்ன சொல்தான். இந்தத் தடவை மட்டும் அவர் சொல்லவில்லை.

பேராசிரியர் எட்டிப் பார்த்தார். "பிரமாதம்! ஏகாரம் எவ்வளவு இயல்பா இருக்கு! பின்னிணைப்பில் சேர்த்துடு. யார் பேசறது?"

"யாரும் இல்லை சார்."

"அதுதான் வேணும்," என்று மகிழ்ந்து போனார்.

அன்று மாலை அம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது கூடத்தில் அந்தக் குரல் எழுந்தது.

"இதோ வந்துட்டேங்க!" குழாயை மூடாமலே ஓடிவந்தவள், கம்ப்யூட்டரைப் பார்த்து நின்றாள். அழவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ம், சொல்லுங்க."

திரை சும்மா இருந்தது.

"மேலே போடுடி. எதுக்குக் கூப்பிட்டார்?"

"அவ்வளவுதாம்மா இருக்கு."

"போடி. அந்த மனுஷன் என்னைக் கூப்பிட்டுட்டுச் சும்மா இருந்ததா சரித்திரமே கிடையாது. தேடு. நான் இருக்கேன்."

மகள் அசைகளைப் புரட்டினாள். அடுத்து அவரை என்ன சொல்லவைப்பது? ஏதாவது கேலியா, காபியா? எதை யோசித்தாலும் அது அவளுடைய பேச்சாகவே இருந்தது. சமையலறையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

அம்மா திரையைப் பார்த்தபடி மெல்லத் தலையாட்டினாள். நடுவில் ஒரு தடவை சிரித்தாள்.

"சரிங்க, அவகிட்ட சொல்லிடறேன்," என்றாள்.

மகள் இன்னும் எதையும் ஒட்டியிருக்கவில்லை.