பாறையோரக் காசித்தும்பை

தாளைப் புரட்டுகிறேன், ஈரம் குடித்து ஊறிப்போன பழைய செய்தித்தாள், அதன் நடுவில் அந்தக் காசித்தும்பை, ஊதாவும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல் ஒரு நிறம், தொட்டால் தண்டிலிருந்து நீர் கசிகிறது, இந்த இனத்தை அழுத்திக் காயவைப்பது லேசுப்பட்ட வேலையா, தினமும் தாள் மாற்ற வேண்டும், ஒரு நாள் அசந்தால் அழுகிவிடும், நாற்பது வருஷம் ஆகியும் கண் முன்னால் நிற்கிறது, மலைமேல் வனத்துறை விடுதியில் அடுப்பு அனலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் தாள் மாற்றிக்கொண்டிருக்கிறேன், தம்பி சேது சுவரில் சாய்ந்து குறட்டை விடுகிறான், பொம்பளைப் பிள்ளை தனியாகக் காட்டுக்குப் போகக்கூடாது என்று அப்பா காவலுக்கு அனுப்பிய ஆள், எக்கா, இந்தப் புல்லுக்கா இம்புட்டுத் தூரம் வந்தோம், நம்ம வீட்டுப் பின்னாலயே கெடக்குல்லா என்று வழியெல்லாம் முனகினான், அட்டை கடித்ததும் ஓவென்று அழுதது அந்தக் காவல்காரன்தான், போய்ச் சேர்ந்துவிட்டான் படுபாவி, நான் இன்னும் கிடக்கிறேன்.

அந்த ஆண்கள் கல்லூரிக்கு நான்தான் முதல் ஆசிரியை, தாவரவியலுக்கு மட்டுமில்லை, மொத்தக் கல்லூரிக்கும், ஆசிரியர் அறையில் எனக்கொரு நாற்காலி போடுவதற்குள் எல்லோருக்கும் வியர்த்துவிட்டது, மியூசியம் ரூம்ல இருங்கம்மா, காத்தாட இருக்கும் என்றார் துறைத்தலைவர் அருணாசலம், காற்றாவது மண்ணாவது, ஃபார்மலின் ஜாடிகளும் உலர்ந்த செடிகளை ஒட்டிவைத்த தாள்களும்தான் எனக்குத் துணை, புடவையெல்லாம் பாச்சை உருண்டை வாசனை, பெண் பார்க்க வந்த அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டு, பொண்ணை என்ன பீரோவுக்குள்ளயா வச்சிருக்கீய என்று கேட்டாள், அம்மா அழுதாள், எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பிறகு யாரும் பார்க்க வரவில்லை. இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத செடி சார் என்று தாளை நீட்டுகிறேன், அருணாசலம் கையில்கூட வாங்கவில்லை, வெள்ளைக்காரன் பாக்காததையா நீங்க பாத்துட்டீங்க, நமக்கெதுக்கும்மா இந்த வம்பு, பேர் வைக்கிற கட்டுரைக்கெல்லாம் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், போட மாட்டாராம், அவர் ஓய்வுபெற்று நானே துறைத்தலைவியாகி மறுபடி மலையேறிப் போனால் அந்த ஓடையும் இல்லை, பாறையும் இல்லை, அணைத் தண்ணீர் கண்ணுக்கெட்டிய மட்டும் நிற்கிறது, அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டு நான் சொன்னதை ஒருத்தரும் நம்பவில்லை, பெயர் வைக்காத பிள்ளையாக அது அலமாரியில் கிடந்தது, கனவில் மட்டும் அந்தத் தண்ணீருக்கு அடியில் பூத்துக்கொண்டே இருக்கும், தாள் மாற்ற நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன், கையிலிருக்கும் தாளும் கரைந்துபோகும்.

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து மெஹருன்னிசா கூப்பிட்டாள், காசித்தும்பைகளையே ஆராய்கிற பெண், நான் அனுப்பிய பழைய படத்தைப் பார்த்திருக்கிறாள், மேடம், இது புதுசுதானுங்க, ஒரே ஒரு பூவை வெந்நீர்ல ஊற வச்சு உள்ளாற பிரிச்சுப் பாத்துட்டாப் போதும், ரெண்டு பேருமாப் பேர் வச்சரலாம் என்றாள், ராத்திரி முழுக்க முழித்தே கிடந்தேன், இந்த வயதில் சந்தோஷம்கூட உடம்புக்கு ஆகவில்லை, மறுநாளே ஆட்டோ பிடித்துக் கல்லூரிக்குப் போனேன். இப்போதைய துறைத்தலைவி ஹெப்சிபா, கல்லூரியில் பெண்களையும் சேர்க்கத் தொடங்கிய பிறகு என்னிடம் படித்தவள், வாசலுக்கே ஓடி வந்தாள், வாங்க மேடம், ஒங்க ரூமைப் பாத்தா அசந்துருவீங்க என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள், அலமாரி முழுக்கப் பளபளவென்று, ஹோட்டலில் சாப்பாட்டு விவரம் எழுதி வைக்கிற அட்டை மாதிரி, என் தாள்கள், அத்தனையும் லேமினேஷன் போட்டு. காலேஜைப் பாக்க ஆய்வுக் குழு வந்துச்சுல்லா மேடம், தாளெல்லாம் உதுந்துக்கிட்டு அசிங்கமா கெடந்துச்சு, ராப்பகலா நின்னு எல்லாத்தையும் போட்டுட்டோம், இனிமே ஒரு பூச்சி அரிக்காது, பாச்சா உருண்டையும் வேண்டாம் என்று அவள் சொல்லிக்கொண்டே போகிறாள், அடிப்பாவி, செடியை ஒட்டின தாளைச் சூட்டு மெஷினுக்குள் விட்டு நசுக்கலாமா, இதையா உனக்குச் சொல்லிக்கொடுத்தேன், என் காசித்தும்பையைத் தேடி எடுக்கிறேன், கருகியிருக்கிறது, ஓரத்தை நகத்தால் கிழித்துப் பிரிக்கிறேன், பூவில் பாதி மேல் உறையோடு போகிறது, பாதி கீழ் உறையோடு, நடுவில் கொஞ்சம் பொடி, அது என் மடியில் கொட்டுகிறது, மேடம், நாங்க தப்பு பண்ணிட்டமா என்று ஹெப்சிபா கேட்கிறாள், அவள் கண்ணும் நிறைந்துவிட்டது, ஆசையாகத்தான் செய்திருக்கிறாள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

கைப்பேசி அடிக்கிறது, மெஹருன்னிசா, பூ கிடைச்சுதுங்களா மேடம், நானே வந்து வாங்கிக்கட்டுங்களா என்கிறாள், பொடியைத் தட்டிவிடாமல் மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, எதிரில் நிற்கிற ஹெப்சிபாவைப் பார்த்தபடி சொல்கிறேன், அப்படி ஒரு செடியே கிடையாதும்மா, நான்தான் என்னத்தையோ பாத்துட்டு என்னத்தையோ சொல்லிட்டேன், நீ வேற வேலையப் பாரு.