பகலின் பேர்

காப்பின் உட்பக்கத்தில் போனில் சொன்ன பேரைத்தானே வெட்டுவது என்று நகைக்கடைச் சிவமணி கேட்டபோது குணரத்தினம் கண்ணாடிக் கதவு வழியே வெளியே பார்த்தார். நாளை பேத்திக்கு முப்பத்தோராம் நாள். பிள்ளையின் காதில் முதன்முதலாகப் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியவர் அவர்தான். அவருடைய பரம்பரையில் மூத்த பெண்பிள்ளைக்கு ஞானாம்பிகை என்றுதான் பேர் வைப்பார்கள். அந்தப் பேரையே வெட்டுவித்துக் கையில் போட்டுவிட்டால் பிறகு யார் வாய் திறப்பார்கள் என்ற எண்ணத்தோடுதான் தமிழ்க் கடைத்தெருவான லாஷப்பலுக்கு வந்திருந்தார்.

மருமகள் ஷமீரான் கடைக்கு வெளியே பிள்ளை படுத்திருந்த தள்ளுவண்டிலோடு நின்றாள். பிரெஞ்சுப் புறநகரான சார்செலில் வளர்ந்த கல்தேயக் கிறிஸ்தவப் பெண். துருக்கியின் மலைக்கிராமம் ஒன்றிலிருந்து தப்பி வந்த குடும்பம். வீட்டில் பேசுவது அரமேயம். பிள்ளைக்கு 'ஈமாமா' என்று வைக்க ஆசைப்பட்டாள். அவர்கள் மொழியில் பகல்பொழுது என்று பொருளாம். ஏன் அந்தப் பேர் என்று அவர் ஆஸ்பத்திரியில் விறைப்பாகக் கேட்டபோது, புருசனிடம் பழகிய தமிழில் சொன்னாள்: "அம்மா, அப்பா இரவிலை நடந்து வந்தது, மாமா. பகலிலை ஒளிச்சது. இவள் பகலிலை நடக்கட்டும்."

தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் மகனைத் தோளில் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணத்தை விட்டு இரவிரவாக நடந்ததை அவர் இன்றுவரை யாரிடமும் பேசியதில்லை.

"என்னண்ணை யோசினை?" சிவமணி சிரித்தான். "மருமோள் ஏதோ வெள்ளைக்காரப் பேர் வைக்கப் போறாவாம் எண்டு கதை அடிபடுது. எங்களிட்டைப் பேருக்குப் பஞ்சமே?"

குணரத்தினத்தின் முதுகு இன்னும் நிமிர்ந்தது.

"ஆர் கதைச்சது?"

"சும்மா, சனம்தான்..."

"சனத்திட்டைச் சொல்லும், அது வெள்ளைக்காரப் பேர் இல்லை. என்ரை பேத்தியின்ரை பேர். ஈமாமா. தமிழிலை வெட்டும். எழுத்துக் கோணக்கூடாது."

"போனிலை ஞானாம்பிகை எண்டெல்லோ சொன்னியள்?"

"அது என்ரை அம்மா. அவவின்ரை பேர் அவவோடை இருக்கட்டும்."

வெளியே வந்து வண்டிலின் மேல் குனிந்தார். ஷமீரான் வியப்போடு பார்த்தாள். நாளைக்குச் சொல்ல வேண்டியதை ஒருதரம் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயெடுத்தபோது தெருமுனைப் பாலத்தில் மெத்ரோ ரயில் இரைந்துகொண்டு போனது. அது போய் முடியும்வரை காத்திருந்தார். பிள்ளையின் முகத்தில் தன் நிழல் விழுந்து கிடப்பதை அப்போதுதான் கண்டார். மெல்ல ஒரு பக்கமாக விலகினார். வெயில் பட்டதும் பிள்ளை கண்ணைச் சுருக்கி, முகத்தைக் கோணி, ஒரு கையை நீட்டியது.